நோக்கம் நிறைவேறிவிட்டால் பணம் யாருக்கு?

அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துக்காரர் பிரான்சிஸ் ஜாக்சன். அடிமை முறையைக் கடுமையாக எதிர்த்தவர். 1861-ல் இறந்தபோது தன் உயிலில், அடிமை முறைக்கு எதிராக மக்கள் கருத்தைத் திரட்ட 10,000 டாலரும், தப்பி வந்த அடிமைகளுக்கு உதவ 2,000 டாலரும் ஒதுக்கியிருந்தார்.

உயில் மீதான வழக்கு முடிவதற்குள், 1865-ல் அடிமை முறையே சட்டப்படி ஒழிந்துவிட்டது. இனி அந்தப் பணம் எதற்கு? வாரிசுகளுக்குத்தானே சேர வேண்டும்?

இல்லை என்றது மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம். தர்மம் செய்தவர் சொன்ன வழி அடைபட்டுப் போனால், அவருடைய எண்ணத்துக்கு மிக நெருக்கமான வேறு வழியில் பணத்தைத் திருப்பிவிடலாம். இதற்கு 'சீ பிரே' கோட்பாடு என்று பெயர். அதன்படி 1867-ல் பெரிய தொகை விடுதலை பெற்றவர்களின் கல்விக்கும், சிறிய தொகை பாஸ்டனின் ஏழைக் கறுப்பின மக்களுக்கும் போனது.

அதே உயிலில் பெண்களுக்கு வாக்குரிமை உள்ளிட்ட உரிமைகள் தரும் சட்டங்களுக்காகப் பாடுபடவும் ஒரு தொகை இருந்தது. இருக்கிற சட்டத்தை மாற்ற முயல்வது தர்மம் ஆகாது என்று சொல்லி, அதை மட்டும் நீதிமன்றம் செல்லாததாக்கிவிட்டது.

வேலை முடிந்துபோன பணத்துக்குப் புது வேலை கிடைத்தது. வேலை பாக்கியிருந்த பணமோ வாரிசுகளிடம் திரும்பியது. நாடு முழுவதும் பெண்களுக்கு வாக்குரிமை கிடைக்க 1920 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.