மாமாவின் டம்ளர்

மலருக்குக் கவிதை கேட்டார்கள். எனக்கோ கவிதை வராது. வீட்டில் நடந்ததை எழுதுகிறேன், மாமாவிடம் கேட்டுவிட்டுத்தான்.

மாமா, கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு லோடு இறக்கும் லாரி டிரைவர். கச்சிராயபாளையத்தில் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அவருக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்ததும் தனி டம்ளர், தனித் தட்டு வைத்தது வேறு யாருமல்ல, நான்தான்! "படிக்கிற புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அம்மாவும் விட்டுவிட்டார். மாமா ஒன்றும் கேட்கவில்லை.

பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-ல், நம் சென்னையில். கண்டறிந்தவர்கள் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்த மாணவி நிர்மலாவும். எச்சில் டம்ளரால் அது பரவவே பரவாது.

இன்னொன்றும் படித்தேன். எச்.ஐ.வி. ஒரு ரெட்ரோவைரஸ். தன் மரபுக் குறிப்பை நம் செல்லின் டி.என்.ஏ.வுக்குள் சொருகிவிடும். ஆனால் பரம்பரையாக இறங்காது. இதே இனத்துப் பழைய வைரஸ்கள் சில, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நம் மூதாதையரின் கருமுட்டை, விந்து செல்களுக்குள்ளேயே புகுந்து, வழிவழியாக வந்துவிட்டன. 2001-ல் வெளியான மனித மரபணு வரைவின்படி நம் டி.என்.ஏ.வில் சுமார் 8 சதவீதம் அவைதாம்! பெரும்பாலும் செயலிழந்தவை. டிராயிங் ஷீட்டில் ரப்பர் போட்ட பிறகும் நிற்கிற பென்சில் தடம் மாதிரி.

ஆனால் ஒரு தடம் வேலை செய்கிறது. சின்சிட்டின் என்ற அந்த மரபணுவை 2000-ல் அடையாளம் கண்டார்கள். வைரஸ் செல்லோடு ஒட்டப் பயன்படுத்திய புரதம்தான், இன்று நஞ்சுக்கொடியின் செல்களை ஒன்றாக இணைக்கிறது. தாயிடமிருந்து பிள்ளைக்குச் சத்து போவது அந்த அடுக்கு வழியாகத்தான்.

அப்போது அக்கா ஏழு மாதம். வளைகாப்புக்கு மாமாவை அழைப்பதா என்று வீட்டில் தயக்கம். படித்ததையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். அக்கா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்: "தாய்மாமன் வளையல் போடலன்னா நான் மணையில உக்கார மாட்டேன்."

மாமா வந்தார். கை நடுங்க வளையல் போட்டார். மாத்திரையை நாள் தவறாமல் சாப்பிடுகிறார், லாரியும் ஓட்டுகிறார்.

நண்பர்களே, அரைகுறையாகப் படித்துவிட்டு யாருக்கும் தனி டம்ளர் வைத்துவிடாதீர்கள். அன்றிரவு அந்த டம்ளரைக் கழுவி மற்றவற்றோடு கவிழ்த்து வைத்தேன். இப்போது அதில் எது மாமாவுடையது என்று எனக்கே தெரியாது.