கண்ணாடியும் பழைய சோறும்

முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவுக்குக் குப்பை எடுக்க வரும் அம்மாள், ஒரு நாள் காலை விரலில் கந்தல் சுற்றிக்கொண்டு வந்தாள். கந்தலெல்லாம் ரத்தம்.

"என்னம்மா இது?" என்று கேட்டேன்.

"நேத்து உங்க வூட்டுப் பையிலதாங்க ஐயா. சோத்துக்குள்ள கண்ணாடி இருந்திச்சு."

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைச் சுட்டது. உடைந்த தம்ளரைப் பெருக்கி, மிஞ்சிய சாதத்தோடு ஒரே பையில் கட்டிப் போட்டவன் நான்தான்.

மக்கும் குப்பை, மக்காத குப்பை என்ற பேதம் எனக்குத் தெரியாதா? சோறு, வாழைத்தோல், காய்கறித் தோல் எல்லாவற்றையும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் தின்று எருவாக்கிவிடும். கண்ணாடியிடம் அவற்றின் ஜம்பம் சாயாது. பிளாஸ்டிக்கோ வெயிலில் நொறுங்கித் தூளாகுமே தவிர, லேசில் மண்ணாகாது.

இதற்கு எங்கள் ஊருக்குத் தெற்கே அரிக்கமேடே சாட்சி. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது, ரோமானியர் காலத்து மது ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. கண்ணாடி மணிகளுக்கும் அந்த இடம் பெயர் பெற்றது. சுமார் 2,000 வருஷத்துச் சரக்கு! ஜாடியில் வந்த மது எங்கே? அந்த மணிகளை அணிந்தவர்கள் உண்ட சோறு எங்கே? எல்லாம் மண்ணோடு மண்ணாயின. மக்காதது மட்டும் காத்துக் கிடந்தது.

ஆகவே மக்காததெல்லாம் பொல்லாதது என்று சொல்ல மாட்டேன். தனியே வைத்தால், கண்ணாடியை உருக்கி மறுபடி கண்ணாடியாக்கலாம், சோறு எருவாகும். சேர்த்துக் கட்டினால்தான் வினை. சோறு காற்றில்லாமல் அழுகி மீதேன் வாயுவைக் கக்கும். கண்ணாடி அதற்குள் ஒளிந்திருந்து கையைக் கிழிக்கும்.

வீட்டிலேயே பிரிக்க வேண்டும் என்று 2016-லேயே மத்திய அரசின் விதிகள் சொல்லிவிட்டன. எனக்கு அது பத்திரிகையில் படித்த செய்தி, அவ்வளவுதான். நான் பிரிக்காமல் விட்டதால் அந்த வேலை இல்லாமல் போய்விடவில்லை. இன்னொருவர் விரலுக்குப் போய்ச் சேர்ந்தது.

இப்போது எங்கள் வாசலில் இரண்டு வாளிகள். சென்ற மாதம் ஒரு சீசா உடைந்தது. சில்லுகளைச் செய்தித்தாளில் சுற்றி, மேலே 'கண்ணாடி' என்று கொட்டை எழுத்தில் எழுதி, பெருமையோடு நீட்டினேன்.

அந்த அம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க ஐயா. வாயால சொல்லிக் குடுத்துடுங்க."

எழுதிப் பிழைக்கிறவன் நான். இப்போதெல்லாம் சொல்லித்தான் கொடுக்கிறேன்.