மீனுக்கு ஒரு மாடிப்படி!

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் கச்சிராயபாளையம் பஸ்ஸில் ஏறி ஜன்னல் சீட் பிடிச்சாச்சா? வாங்க, கோமுகி அணை வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்!

கல்வராயன் மலையில் பெய்யும் மழைதான் கோமுகியா இறங்கி வருது. அடிவாரத்து அணையில் தேங்கி, வயலுக்குப் போனது போக மிச்சம் வெள்ளாற்றோடு சேர்ந்து பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடும். அணை நிரம்பினா 46 அடி.

அணைப்பக்கம் மீன் வறுத்துக்கொண்டிருந்த அக்காவிடம், ''என்ன மீனுக்கா?'' என்றேன்.

''ஜிலேபி தம்பி. வேற என்ன கிடைக்குது? முன்னெல்லாம் புதுத்தண்ணி வந்தா கெண்டை, கெளுத்தின்னு ஓடையில ஏறி வரும். பறி வெச்சு அள்ளுவோம்.''

ரெண்டு துண்டு சுடச்சுட உள்ளே போச்சு. ஆனா, அக்கா சொன்னது முள்ளு மாதிரி மாட்டிக்கிச்சு. ஜிலேபி கெண்டை நம்ம ஊர் மீனே இல்லீங்க. ஆப்பிரிக்கா பார்ட்டி. இந்தியாவுக்கு வந்தது 1952-ல். அப்போ நம்ம 'ஏத்து மீன்' எங்கே?

புதுவெள்ளத்தில் முட்டை போட எதிர்நீச்சல் அடிச்சு மேலே ஏறுவதுதான் ஏத்து மீன். இதில் உலக சாம்பியன் சால்மன். ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, பிறந்த ஆற்றுக்கே முட்டை போடத் திரும்பும். நம்ம விலாங்கு அப்படியே உல்டா. கடலில் பிறந்து ஆற்றுக்கு வரும். ரெண்டுக்கும் வில்லன் ஒருத்தன்தான்... வழியில் நிற்கும் சுவர்! வங்காளிகள் உயிரை விடும் ஹில்சாவுக்கு நம்ம ஊர்ப் பெயர் உல்லம். காவிரியில் ஏறி வந்துட்டிருந்த அந்த மீன், 1934-ல் மேட்டூர் அணை வந்த பிறகு ஆற்றில் அரிதாகிப் போச்சு.

'குஞ்சு வாங்கி விட்டாப் போச்சு'ங்கறீங்களா? காவிரியில் அதையும் செஞ்சு பார்த்தாச்சு. அங்கே முதுகில் திமிலோடு, ஐம்பது கிலோவுக்கு மேல் வளரும் மஹ்சீர் உண்டு. பண்ணையில் பொரித்த வேறு வகை மஹ்சீர் குஞ்சுகளை வருஷக்கணக்கா ஆற்றில் விட்டாங்க. வந்தவன் பெருகினான், வீட்டுக்காரன் காலி! 2018-ல்தான் திமில் மஹ்சீருக்கு சரியான அறிவியல் பெயரே உறுதியாச்சு. அதே வருஷம் 'அழிவின் விளிம்பில்' பட்டியலிலும் சேர்ந்துடுச்சு.

இங்கே ஒரு வாக்குமூலம். நான் சிவில் ஸ்டூடன்ட். 'ஃபிஷ் லேடர்'னு பாடத்தில் ஒரு பாரா வரும். அணையோரம் படிப்படியா தொட்டி கட்டி தண்ணியை வழியவிட்டா, மீன் ஒவ்வொரு படியா ஏறிப் போயிடும். பரீட்சையில் அதை சாய்ஸில் விட்டவன் நான். கோமுகிக் கரையில் நின்னப்போ வெட்கமா இருந்துச்சு.

அமெரிக்காவின் கிளாமத் ஆற்றில் 2024-ல் நாலு அணைகளை எடுத்து முடிச்சாங்க. சில வாரத்திலேயே சால்மன் மேலே ஏறிடுச்சு! கோமுகியை இடிக்கச் சொல்லலை பாஸ், நம்ம சோறே அதில்தான் இருக்கு. ஆனா, ஓடைகளில் புதுசா கட்டுற சின்னத் தடுப்பணைகளிலாவது ஓரமா ஒரு கல் சரிவு விடலாமே? புதுவெள்ளத்தில் சினை மீனைப் பிடிக்காம விடலாம். ஓடையில் பிளீச்சிங் பவுடர் கலக்குவதையும், வெடி போடுவதையும் நிறுத்தலாம். தொட்டியில் வளர்த்து போரடிச்ச மீனை ஆற்றில் கொட்டாம இருக்கலாம்.

அடுத்த முறை கோமுகி போனா, அக்கா கடையில் கட்டாயம் மீன் சாப்பிடுங்க. ''ஏத்து மீன் எப்பக்கா கடைசியா பார்த்தீங்க?''ன்னு மறக்காம கேளுங்க!