இடப்பக்கத்துச் சக்கரம்

அக்கா மகன் பாடாங் செராயிலிருந்து ராத்திரி பத்து மணிக்குப் போன் பண்ணினான். "மாமா, லோரி நட்டு கழட்ட எந்தக் கன் வாங்கலாம்? முக்கால் இஞ்சு போதுமா, ஒரு இஞ்சு வேணுமா? பேட்டரியில ஓடுறது தாங்குமா?"

செம்பனைக் குலை ஏற்றும் ஒப்பந்தம் கிடைத்து, பழைய ஆறு சக்கர ஜப்பான் லோரி ஒன்றை வாங்கியிருக்கிறான். போன வாரம் தோட்டத்துக்குள் டயர் வெடித்து, நட்டு அசையாமல் மதியம் முழுக்க நின்றிருக்கிறான். அறுத்த குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகவேண்டும். பிந்தினால் எண்ணெயில் அமிலம் ஏறும், தரம் இறங்கும், காசும் இறங்கும். அவன் அவசரம் எனக்குப் புரிந்தது.

"கன்ன அப்புறம் பாத்துக்கலாம்பா. காலையில வெளிச்சத்துல இறங்கி, இடது பக்கம் பின் சக்கரத்துல போல்ட்டு நுனியைத் தொடச்சுப் பாரு. ஒரு எழுத்து இருக்கும். என்ன எழுத்துன்னு எனக்குச் சொல்லு" என்றேன்.

"எழுத்தா?" என்றான். அவனுக்கு விளங்கவில்லை. போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கமும் வரவில்லை.

1979-இல் எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளி விடுமுறைக்குப் பெரியப்பாவோடு ரப்பர் பால் லோரியில் போவதுதான் எனக்குப் பண்டிகை. கூலிமிலிருந்து கரங்கான் போகும் பாதையின் இரண்டு பக்கமும் அப்போது ரப்பர் மரங்கள்தாம். அப்பாவும் அம்மாவும் விடியுமுன் போய் மரம் சீவி, காண்டா வாளியில் பாலைச் சுமந்து வந்து ஸ்டோரில் ஊற்றுவார்கள். அங்கே நிறுத்து, தொட்டியில் ஏற்றி, பெரியப்பா தொழிற்சாலைக்கு ஓட்டுவார். பால் காத்திருக்காது. அமோனியா கலந்தால் கொஞ்சம் தாங்கும், குறைவாகக் கலந்தால் சில மணி நேரத்தில் புளித்து உறைந்துவிடும். அமோனியாவின் நெடியும் புளித்த பாலின் நாற்றமும் பெரியப்பாவின் சட்டையிலேயே குடியிருந்தன. அந்தச் சட்டையில் முகம் புதைத்துத் தூங்கியிருக்கிறேன்.

கூலிம் என்பதே ஒரு மரத்தின் பெயர். வெட்டினால் வெள்ளைப்பூண்டு வாசனை அடிக்கும் காட்டு மரம். அந்த வாசனையை நான் முகர்ந்ததில்லை. எனக்கு ஊரின் வாசனை டீசலும் ரப்பர் பாலும்தான்.

அந்த விடுமுறையில் ஒரு நாள், வழியில் இடது பக்கம் பின்னால் உள் டயர் போயிருந்தது. பின் சக்கரத்தில் இரண்டு டயர் ஒட்டி நிற்கும். வெளி டயரைக் கழற்றினால்தான் உள் டயருக்கு வழி. அந்தக் காலத்து ஜப்பான் லோரியில் ஒவ்வொரு போல்ட்டிலும் இரண்டு நட்டு. வெளியே 41 அளவில் ஆறு முகம் கொண்ட பெரிய நட்டு. அதற்கு உள்ளே 21 அளவில் சதுரத் தலையுள்ள குழாய் நட்டு. உள்நட்டு உள் சக்கரத்தைப் பிடிக்கும், வெளிநட்டு வெளிச் சக்கரத்தைப் பிடிக்கும். ஒன்றைத் திருகும்போது மற்றதும் கூடவே சுற்றிக்கொண்டு வரும். பிடிவாதக்கார ஜோடி.

பெரியப்பா ஸ்பானரை மாட்டினார். அதன் பிடியில் ஒன்றரை மீட்டர் தண்ணீர்க் குழாயைச் செருகினார். எல்லா நட்டையும் கழற்றுகிற திசையில்தான், கடிகார முள்ளுக்கு எதிராகத்தான், குழாயின் நுனியில் ஏறி நின்றார். அசையவில்லை. "நீயும் ஏறுடா" என்றார். நான் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏறிக் குதித்தேன். நட்டு கொஞ்சம் நகர்ந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இன்னொரு தடவை குதித்தேன்.

படீரென்று ஒரு சத்தம். நட்டு கழன்றுவிட்டது என்றுதான் நினைத்தேன். பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தபிறகுதான் போல்ட்டு முறிந்தது தெரிந்தது.

பின்னாளில், டயர் கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, அந்தக் கணக்கை நான் ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். பெரியப்பா அறுபது கிலோ இருப்பார். ஒன்றரை மீட்டர் குழாய் நுனியில் அறுபது கிலோ நின்றால் கிட்டத்தட்ட 880 நியூட்டன் மீட்டர். நான் முப்பது கிலோ. என்னையும் சேர்த்தால் 1,300-ஐத் தாண்டும், அதிலும் குதித்தேன். அந்த மாதிரி லோரிக்கு நட்டை இறுக்கச் சொல்லும் அளவு 540-லிருந்து 590 வரைதான். இருமடங்குக்கு மேலான பலத்தை நாங்கள் கொடுத்திருக்கிறோம், அதுவும் இறுக்குகிற திசையில்.

ஆமாம், இறுக்குகிற திசையில். பழைய ஜப்பான் லோரிகளில் வலப்பக்கச் சக்கரங்களுக்கு வலமரை, இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடமரை. சக்கரம் முன்னால் உருளும் திசையோடு மரையும் ஒத்துப்போனால் நட்டு ஓட்டத்தில் தளராது என்ற எண்ணத்தில் அப்படிச் செய்தார்கள். சைக்கிளின் இடது மிதிகட்டைக்கும் இடமரைதான். மிதிகட்டையைக் கழற்றி மாட்டிய எங்கள் லயத்துப் பையன்களுக்கு அது தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் ஒரு சைக்கிளில் தெரிந்தது லோரியில் நினைவுக்கு வரவில்லை. பெரியப்பா வேறு கம்பெனி லோரியை ஓட்டிப் பழகியவர், இந்த லோரி தோட்டத்துக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

அந்த வழியாக மரக்கட்டை ஏற்றிய லோரி ஒன்று வந்தது. ஓட்டியவர் வயதான மலாய்க்காரர். நிறுத்தி இறங்கினார். முறிந்த போல்ட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. தோளில் கிடந்த துண்டின் ஓரத்தில் எச்சில் தொட்டு, பக்கத்துப் போல்ட்டின் நுனியில் அப்பியிருந்த செம்மண்ணைத் துடைத்தார். என் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தார். உலோகத்தில் வெட்டிய ஒரு எழுத்து. ஆங்கில எல். "கிரி" என்றார். இடது.

அவரும் பெரியப்பாவும் சேர்ந்து மற்ற நட்டுகளைச் சரியான பக்கம் திருப்பினார்கள். முறிந்ததைத் தவிர மற்றவை முனகிக்கொண்டு விட்டுக்கொடுத்தன. டயரை மாற்றித் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது தொட்டிக்குள் பால் கட்டிதட்டியிருந்தது. கிராணி கத்தினார். அன்றைய பாலில் அப்பா, அம்மா சீவியதும் இருந்தது. பெரியப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பும் வழியில் கூலிமில் நிறுத்தி, எனக்கு ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தார். அவர் சாப்பிடவில்லை.

டயர் கடை ஞாபகமும் இதோடு சேர்ந்தே வருகிறது. 1990-களில் கூலிம் மாறிக்கொண்டிருந்தது. 1996-இல் ஹைடெக் பூங்கா திறந்தார்கள், தோட்டங்களில் பல முன்பே செம்பனையாகிவிட்டன, சில வீடமைப்பாகிவிட்டன. பட்டர்வொர்த் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லோரிகள் இரவு பகலாக ஓடின. நான் வேலை பார்த்த கடைக்கு வண்டி நிற்காமல் வரும். ரப்பர் சீவியவர்களின் பிள்ளைகள் நாங்கள் நான்கு பேர் அந்தக் கடையில் டயர் மாற்றினோம். கார் டயரைவிட லோரி டயரில் இயற்கை ரப்பர் அதிகம் என்று ஒரு விற்பனையாளர் சொன்ன நாள் எனக்கு அம்மாவின் கைகள் நினைவுக்கு வந்தன.

முதலாளி ஆசையாக ஒரு இஞ்சு ஏர் கன் வாங்கி வந்தார். நீளமான மூக்கு, பத்துக் கிலோவுக்கு மேல் கனம், பின் சக்கரத்தின் பள்ளத்துக்குள் எட்டும். முதல் நாள் அது ஒரு நட்டையும் அசைக்கவில்லை. கடகடவென்று அடித்தது, அவ்வளவுதான். போலி சரக்கு என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகத் தயாரானார் முதலாளி. கம்ப்ரசர் முள்ளோ 120 பி.எஸ்.ஐ-யில் நின்றது.

நான் கன்னின் வாயருகே ஒரு அழுத்தமானியைப் பொருத்தி விசையை அழுத்தினேன். முள் 60-க்கு விழுந்தது. அந்தக் கன்னுக்கு ஓடும்போது 90 வேண்டும். தொட்டியில் காற்று இருந்தது, கன்னுக்குப் போய்ச் சேரவில்லை. சுருள் சுருளாக இருந்த எட்டு மில்லிமீட்டர் பைப்புதான் காரணம். காரின் நட்டுக்குப் போதும், ஒரு இஞ்சு கன்னுக்கு அது வைக்கோல் குழாய். 19 மில்லிமீட்டர் பைப்பை நேராக இழுத்து, குறுகலான இணைப்பு வாயையும் மாற்றியதும், அதே கன் அதே நட்டை மூன்று எண்ணுவதற்குள் கழற்றியது.

கன்னின் வேலை குழாயின் வேலை அல்ல. குழாய் ஒரே இழுப்பாக இழுத்துப் போல்ட்டையே முறுக்கும். கன்னுக்குள் ஒரு சுத்தி சுழன்று சுழன்று நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான அடி அடிக்கிறது. துரு பிடித்த மரையில் அந்த அதிர்ச்சிதான் ஒட்டை உடைக்கிறது. அதனால்தான் நடுவே மெலிந்த நீட்டுக்குழாய் மாட்டினால் அடியின் ஒரு பகுதியை அது வாங்கிக்கொள்ளும். வெள்ளிப் பூச்சுள்ள கைச் சாக்கெட்டும் மாட்டக்கூடாது, அது சில்லாகச் சிதறும். ஒரு பையனின் புருவத்தில் அப்படி ஒரு தழும்பு இருந்தது. கறுப்பு நிற இம்பேக்ட் சாக்கெட்டுத்தான் அதற்கு.

அக்கா மகனுக்குத் தோட்டத்துக்குள் கம்ப்ரசர் கிடையாது. அவனுக்கு முக்கால் இஞ்சு பேட்டரிக் கன் சரியாக வரும். பெட்டியில் பெரிதாக அச்சடித்த எண் கழற்றும் பலம், கீழே சிறிதாக இருப்பது இறுக்கும் பலம். இரண்டையும் பார்த்து வாங்கவேண்டும். துருவேறிய நட்டு தன்னை இறுக்கியபோது வாங்கியதைப்போல் இரண்டு மடங்கு கேட்கும், அதனால் கழற்றும் பலம் 1,500 நியூட்டன் மீட்டருக்கு மேல் இருப்பது நல்லது. அரை இஞ்சு கன் விலையில் ஆசைகாட்டும், மூக்குத்தண்டு தாங்காது. பேட்டரி தீர்ந்த அன்றைக்கு, பல்சக்கரம் வைத்துக் கையால் சுற்றும் உருளைக் கருவி ஒன்று இருக்கைக்கு அடியில் கிடக்கட்டும். மெதுவாக வேலை செய்யும், ஆனால் ஒரு ஆள் போதும். நான் உறுதியாகச் சொல்வது ஒன்று: இறுக்குவதைக் கன்னிடம் முழுசாக விடக்கூடாது. கடைசி இறுக்கம் அளவுகாட்டும் டார்க் ஸ்பானரில். ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி மறுபடி ஒரு தடவை. வெளிநட்டைத் தளர்த்தாமல் உள்நட்டைச் சோதிக்க முடியாது, அந்தச் சோம்பலில்தான் சக்கரம் கழன்று ஓடுகிறது.

ஜப்பான்காரர்கள் 2010 வாக்கில் அந்த முறையையே மாற்றினார்கள். ஒரே நட்டு, 33 அளவு, இரண்டு பக்கமும் வலமரை. ஆனாலும் அங்கே கழன்று ஓடும் சக்கரங்களில் பெரும்பாலானவை இடப்பக்கப் பின் சக்கரங்கள்தாம் என்கிறது அவர்கள் போக்குவரத்து அமைச்சு.

இவற்றையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். பலம் வாங்குவதற்கு முன் திசை தெரியவேண்டும் என்ற பயம் என்னை நிறுத்தியது. குழாயில் குதித்தால் ஒரு போல்ட்டு முறியும், அதற்கும் நேரம் பிடிக்கும், யாராவது வந்து தடுக்க வாய்ப்புண்டு. 1,500-க்கு மேல் அடிக்கும் கன்னைத் தவறான பக்கம் அழுத்தினால் யோசிப்பதற்குள் முடிந்துவிடும். அவனுக்குப் பக்கத்தில் துண்டில் எச்சில் தொட்டுத் துடைக்கும் கிழவர் ஒருவரும் இருக்கமாட்டார்.

காலை ஏழரைக்குப் படம் ஒன்று அனுப்பினான். அவன் பெருவிரல், நகத்தடியில் செம்மண். விரலுக்குப் பக்கத்தில், சுரண்டி வெளியே எடுத்த உலோகத்தில், தேய்ந்துபோன எல்.

உடனே போனும் வந்தது. "இது என்ன மாமா?"

"கிரி" என்றேன்.