வளர்ற புள்ளைக்கு ஒரு சைக்கிள்

தமிழ் வீடுகளில் எதை வாங்கப் போனாலும் ஒரு வாக்கியம் கூடவே வரும்: "வளர்ற புள்ளை, கொஞ்சம் பெருசாவே எடு." யூனிஃபார்ம் பாவாடையின் ஓரத்தை நாலு விரற்கடை உள்ளே மடித்துத் தைப்பார்கள். ஷூவின் நுனியில் பஞ்சு வைப்பார்கள். வருஷா வருஷம் மடிப்பைப் பிரித்துவிட்டுக்கொண்டே போகலாம். அந்தச் சிக்கனத்தில் வளர்ந்தவள்தான் நானும். அதன் மேல் எனக்குப் புகார் இல்லை. ஆனால் பெரிய சட்டை போட்ட பிள்ளை விழாது. பெரிய சைக்கிளில் ஏறிய பிள்ளை விழும்.

அண்ணன் மகளுக்குப் பதினொரு வயது. வீட்டில் இன்னும் பாப்பாதான். அண்ணன் மஸ்கட்டில் இருக்கிறான். அண்ணியும் பாப்பாவும் நெய்வேலி குவார்ட்டர்ஸில் அப்பா அம்மாவோடு இருக்கிறார்கள். டியூஷன் நாலு பிளாக் தள்ளி. அப்பாவுக்குச் சுரங்கத்தில் ஷிப்ட், அண்ணிக்கு வேலை. யார் கூட்டிக்கொண்டு போவது, யார் கூட்டி வருவது என்பதில்தான் பாப்பாவின் சாயங்காலம் முழுக்கப் போய்க்கொண்டிருந்தது. சைக்கிள் வாங்க வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. எந்த சைஸ் என்பதில்தான் வந்தது.

அப்பா இருபத்தாறு இஞ்ச் என்றார். "இருபத்து நாலு வாங்கினா ரெண்டு வருஷத்துல சின்னதாப் போயிடும்மா. மறுபடி ஒரு ஆறாயிரம், ஏழாயிரமா? நாங்கல்லாம் பெரிய வண்டியிலதானே கத்துக்கிட்டோம்?"

கத்துக்கிட்டார்கள்தான். எப்படிக் கற்றார்கள் என்பதை அப்பாவே பல தடவை சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்தில் வீட்டில் இருந்தது பெரியவர்களின் வண்டி ஒன்று. இருபத்தெட்டு இஞ்ச் சக்கரம், நடுவில் குறுக்குக் கம்பி. பையன்கள் அந்தக் கம்பிக்குக் கீழே காலை நுழைத்து, உடம்பைக் கோணலாக்கி மிதிப்பார்கள். குரங்கு பெடல். 2024இல் அந்தப் பெயரில் சினிமாவே வந்துவிட்டது. நன்றாக யோசித்தால், குரங்கு பெடல் அடித்த பையன் சீட்டில் உட்காரவே இல்லை. வண்டி சாய்ந்தால் ஒரு கால் தரையில் ஊன்றிவிடும். தன் உயரத்துக்குப் பொருந்தாத வண்டியில் தனக்குப் பொருந்தும் ஓர் இடத்தை அவனே கண்டுபிடித்து வைத்திருந்தான். எட்டாத சீட்டின் மேல் ஒரு பிள்ளையை ஏற்றி ரோட்டில் விடுவது அதைவிடப் புதிய பழக்கம்.

"அப்போ நீங்க சீட்டுல உக்காந்தீங்களாப்பா?" என்று கேட்டேன்.

"கால் எட்டினப்புறம்தான்" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

சைக்கிளின் இஞ்ச் கணக்கு பலருக்குக் குழப்பம் தருவது. கடையில் இருபது, இருபத்து நாலு, இருபத்தாறு என்று சொல்வது சக்கரத்தின் அளவு. பழைய வண்டிகளில் இருபத்திரண்டு, இருபத்து நாலு என்பது ஃபிரேமின் அளவு. அட்டையில் '9–12 வயது' என்று போட்டிருப்பதும் ஒரு குத்துமதிப்புதான். ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு சாண் உயர வித்தியாசம் இருக்கும். அளக்க வேண்டியது வயதை அல்ல, காலை. பிள்ளையை வெறுங்காலோடு சுவரில் சாய்த்து நிறுத்தி, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைத் தொடைகளுக்கு நடுவில், சீட்டில் உட்காருவதுபோல் மேலே அழுத்தி வைக்கவேண்டும். புத்தகத்தின் மேல்விளிம்பிலிருந்து தரை வரைக்கும் உள்ள தூரம்தான் முக்கியம். பாப்பாவின் உயரம் 136 சென்டிமீட்டர். கால் 62.

மெயின் பஜார் கடையில் முதலில் இருபத்தாறில் ஏற்றினோம். சீட்டை அடிவரைக்கும் இறக்கியும் கட்டைவிரல் நுனிதான் தரையைத் தொட்டது. ஹேண்டில்பாரைப் பிடிக்க முதுகை நீட்டிக் குனிந்தாள். பிரேக்கை விரல் முழுசாகச் சுற்றிப் பிடிக்க முடியவில்லை. கால் எட்டாததை எல்லோரும் பார்ப்போம், கை எட்டுகிறதா என்று பார்க்க மறந்துவிடுவோம். குதிரை வேகத்தில் வரும் வண்டியை நிறுத்தப் போவது அந்த இரண்டு மூன்று விரல்கள்தான். தடித்த டயர், டிஸ்க் பிரேக் வைத்த ஒன்றையும் கடைக்காரர் காட்டினார். பாப்பாவும் ஆசையாகப் பார்த்தாள். தூக்கிப் பார்க்கச் சொன்னேன். முப்பது கிலோ பிள்ளையால் அதன் பின்சக்கரத்தைக்கூடத் தூக்கித் திருப்ப முடியவில்லை. அவளே அதை ஸ்டாண்டில் போட்டுவிட்டு வந்தாள்.

இருபத்து நாலில் இரண்டு முன்னங்கால்களும் தரையில் பட்டன. முழங்கை லேசாக மடங்கியிருந்தது. குதிகாலை பெடலில் வைத்து அடியில் கொண்டுபோனால் கால் நேராக நீண்டது. ஓட்டும்போது முன்பாதத்தை வைத்தால் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்கும். அதுதான் சரியான சீட் உயரம்.

"ரெண்டு வருஷந்தானே வரும்" என்றார் அப்பா மறுபடியும்.

பெண் பிள்ளைகள் பெரும்பாலும் பதினொன்று, பன்னிரண்டு வயதில்தான் வேகமாக வளர்கிறார்கள். வருஷத்துக்கு ஏழெட்டு சென்டிமீட்டர்கூட ஏறும். பையன்களுக்கு அது இரண்டு வருஷம் பிந்தி வரும். உடம்புக்கு முன்னால் கால் நீளும். சைக்கிளிலும் ஒரு மடிப்பு வைத்துத்தான் தைத்திருக்கிறார்கள்: சீட்டுக்கு அடியில் இருக்கும் கம்பி. அதை மேலே இழுத்துக்கொண்டே போகலாம். கம்பியில் செதுக்கியிருக்கும் எல்லைக் கோடு வெளியே தெரிந்தால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் ஏற்றினால் கம்பி ஃபிரேமுக்குள் பிடிமானம் இல்லாமல் முறிந்துபோகலாம். அந்தக் கோடு வரைக்கும் பாப்பாவுக்கு இரண்டு வருஷம் கிடைக்கும். அப்பா சொன்ன கணக்கு சரிதான்.

ஆனால் அப்பாவுக்கு சர்வீஸும் இரண்டு வருஷம்தான் பாக்கி. ரிட்டையர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். 1956இல் கம்பெனி வந்தபின் கோடு போட்டுக் கட்டின ஊர் இது. தெருவெல்லாம் நேர்க்கோடு, இருபக்கமும் மரம், முகவரி என்றால் பிளாக் நம்பர். ஆர்ச் கேட்டைத் தாண்டினால் பஸ்ஸும் லாரியும். பழுப்பு நிலக்கரிக்கு நிலம் கொடுத்த ஊர்களின் பிள்ளைகள் அந்த ரோட்டோரமாகத்தான் ஓட்டுகிறார்கள். டவுன்ஷிப்புக்குள் மட்டும் பதினொரு வயதுப் பெண் தனியாக நாலு பிளாக் போய்வரலாம், யாரும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அடுத்து எந்த ஊர், எந்தத் தெரு என்று இன்னும் முடிவாகவில்லை. இருபத்தாறு வாங்கினால் அது அவளுக்குச் சரியாக அமையும் நாளில் இந்தத் தெரு எங்களுக்கு இருக்காது.

இதைக் கடையில் வைத்து அப்பாவிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சீட்டை இன்னும் ஒரு நூல் இறக்கிக் கொடுங்க தம்பி" என்று கடைக்காரரிடம் இருபத்து நாலைக் காட்டினார்.

இப்போது மாதாமாதம் முதல் ஞாயிறு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அவர்தான் சீட்டைப் பார்க்கிறார். போன மாதம் அரை இஞ்ச் ஏறியிருக்கிறது. பாப்பா டியூஷன் முடிந்து நேராக வருவதில்லை, ஏதோ சுற்றிவிட்டு வருகிறாள் என்று அண்ணி போனில் சொன்னாள். குரலில் கோபம் இல்லை. வண்டி அடுத்து யாருக்கு என்பதும் முடிவாகிவிட்டது. எதிர்வீட்டுப் பையன் மூன்றாம் வகுப்பு. வாரத்துக்கு ஒரு தடவை வந்து சீட்டுக்குப் பக்கத்தில் நின்று தன் இடுப்பு எங்கே வருகிறது என்று பார்த்துவிட்டுப் போகிறானாம்.