கல்தேரில் ஏற்றிய புளி

குன்றாண்டார்கோவில் கல்தேர் மண்டபத்தில் இன்று அக்காவோடு உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளின் மயலின் உறையைச் சிதைக்கும் நோய். சொன்னது மனசில் தங்குவதில்லை.

அமெரிக்காவின் கெஸ்லர் அறக்கட்டளை ஆய்வாளர்கள் இந்நோயுள்ள 86 பேரை வைத்துச் சோதித்து, 2013இல் வெளியிட்ட நினைவுப் பயிற்சி ஒன்று உண்டு. மொத்தம் 10 அமர்வுகள். நினைவில் நிற்க வேண்டியதைக் காட்சியாகப் பார்த்து, கதையாகக் கோர்க்க வேண்டும். பயின்றவர்களின் கற்கும் திறன் கூடியது.

நாங்களும் கோர்த்தோம். கல்குதிரை முதுகில் புளி மூட்டை, சக்கரத்தடியில் சிந்திய நல்லெண்ணெய், தேருக்குள்ளே மாத்திரைப் பெட்டி. வீட்டுக்கு வந்ததும் மூன்றையும் வரிசையாகச் சொன்னாள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இந்நோய்க்கும் இடமுண்டு. நம் வீடுகளிலும் இடம் வேண்டும். மறதியைச் சோம்பல் என்று திட்டாதீர்கள். இன்னொரு தடவை, பொறுமையாக, கதையாகச் சொல்லுங்கள்.