ஹிர்பாவும் நம் பிள்ளைகளும்

நிறம் மாறும் மனிதனைப் பச்சோந்தி என்று ஏசுவது நம் தமிழில் ஊறிப்போன வழக்கம். மேடையில் அரசியல்வாதியை இடித்துரைக்கவும், வீட்டில் உறவினரைச் சாடவும் அந்த வாயில்லாப் பிராணியே அகப்படுகிறது. ஏச்சோடு நின்றால் பரவாயில்லை. எங்கள் வந்தவாசிப் பக்கத்தில் மக்தப் முடிந்து வரும் சிறுவர்கள், வேலியில் ஓணானைக் கண்டாலும் பச்சோந்தியைக் கண்டாலும் கல்லைத் தேடுகிறார்கள். ஏனென்று கேட்டால், "இப்ராஹீம் நபியைப் போட்ட நெருப்பை ஊதியது இதுதானே, ஹஜ்ரத்!" என்கிறார்கள்.

ஸஹீஹுல் புகாரியில் உம்மு ஷரீக் (ரலி) அவர்கள் வாயிலாக வரும் அந்த ஹதீஸில் உள்ள சொல் 'வஸக்'. அது பல்லியைக் குறிப்பது. பச்சோந்திக்கு அரபியில் 'ஹிர்பா' என்று தனிப்பெயர் உண்டு. ஹிஜ்ரி 808-இல் (கி.பி. 1405) மறைந்த எகிப்திய அறிஞர் தமீரி, தமது 'ஹயாத்துல் ஹயவான்' என்னும் பெருநூலில் இரண்டையும் தனித்தனித் தலைப்பில் வைத்தே எழுதியிருக்கிறார். ஒன்றின் பழியை மற்றொன்றின் தலையில் கட்டுவது எந்த ஃபிக்ஹில் உள்ளது? உயிருள்ள எதனையும் எறிவதற்கு இலக்காக்கலாகாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததைப் பிள்ளைகள் காதில் நாம் போட்டோமா?

நிறம் மாறுபவனுக்கு ஹிர்பாவை உவமை சொல்வது அரபியிலும் உண்டுதான். ஆயினும் முன்யோசனைக்கும் அவர்கள் அதையே எடுத்துக்காட்டினார்கள். மறுகிளையைப் பற்றிக்கொண்ட பிறகே அது இருக்கும் கிளையை விடுமாம். பார்த்தவர்களுக்குத் தெரியும்: இரண்டு விரல் ஒருபுறம், மூன்று விரல் மறுபுறமாகக் கூடிய கால், இடுக்கிபோல் கவ்வுகிறது, வால் இன்னொரு கையாகச் சுற்றிக்கொள்கிறது. கண்கள் தனித்தனியே சுழல்கின்றன.

உலகில் இருநூறுக்கு மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் உள்ளன. பெரும்பாலானவை ஆப்பிரிக்காவுக்கும் மடகாஸ்கருக்கும் உரியவை. நம் நாட்டுக்கு வாய்த்தது ஒரே இனம். அதற்கு விஷமில்லை. நிறமாற்றமும் நயவஞ்சகமன்று. தோலிலுள்ள நுண்படிகங்களின் இடைவெளி மாறுவதால் நிறம் மாறுகிறது என்று 2015-இல் ஜெனீவா பல்கலைக்கழகத்தார் மடகாஸ்கர் இனமொன்றில் கண்டார்கள். வெயிலும் குளிரும் கோபமும் இணைவிழைவும் அதன் மேனியில் வெளிப்படுகின்றன. முனாஃபிக்கோ உள்ளிருப்பதை மறைப்பவன். உவமை எப்படிப் பொருந்தும்?

மரத்திலேயே வாழும் இது, முட்டையிட மட்டும் தரைக்கு இறங்கி மண்ணைத் தோண்டுகிறது. ஓடத் தெரியாத பிராணி. சினையோடு தள்ளாடி வரும் அந்த நேரத்தில்தான் கல்லுக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் அகப்படுகிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கொல்வது குற்றம். சட்டத்தைச் சொன்னால் எங்கள் சிறுவர்கள் சிரிக்கிறார்கள். 'வஸக்' வேறு, 'ஹிர்பா' வேறு என்று பலகையில் எழுதிக் காட்டினால் கையிலிருக்கும் கல்லைக் கீழே போடுகிறார்கள்.